லினக்ஸ்சிஎன்சியின் ஊற்றுக்கண்

பொன்முடிக்குப் போகும் வழியில், நெடுமங்காட்டை அடுத்த வலியமலையில், இஸ்ரோவின் திரவ உந்துவிசை மையம் இருக்கிறது. கிரையோஜெனிக் எஞ்சின் நுட்பத்தை ரஷ்யாவிடமிருந்து இந்தியா வாங்கக் கூடாதென்று 1992-ல் அமெரிக்கா தடை விதித்தது. இங்கேயே உருவாக்கிய எஞ்சின் ஜி.எஸ்.எல்.வி.யில் வெற்றிகரமாகப் பறக்க 2014 ஜனவரி ஆகிவிட்டது. தடை விதித்த அதே அமெரிக்க அரசுதான், 1990-களிலேயே, மில்லிங் மெஷினை இயக்கும் மென்பொருள் ஒன்றை எழுதி எல்லோருக்கும் திறந்துவிட்டது. இன்று லினக்ஸ்சிஎன்சி என்ற பெயரில் பதிவிறக்கி நிறுவுகிறோமே, அதன் மூலம் அதுதான். மறுத்த கை இதை மட்டும் எப்படிக் கொடுத்தது?

கட்டற்ற மென்பொருள் என்றால் தன்னார்வலர்களின் படைப்பு என்றே பலரும் எண்ணுகிறோம். ஆனால் இதன் ஊற்றுக்கண் ஓர் அரசு ஆய்வகம். அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட், 1990-களில் இதை ஈ.எம்.சி. என்ற பெயரில் தொடங்கியது. அப்போது ஒவ்வொரு கம்பெனியின் மெஷின் கன்ட்ரோலரும் பூட்டிய பெட்டி. ஒருவர் செய்த பாகம் இன்னொருவரின் பெட்டியில் சேராது. பொதுவான இடைமுகங்களை வகுக்க முடியுமா என்று பரிசோதிக்கவே ஃபிரெட் பிராக்டர் முதலானோர் இதை எழுதினார்கள். மிச்சிகனின் பான்டியாக்கில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் நிஜ மெஷினிலேயே பொருத்தி ஓட்டியும் பார்த்தார்கள். மெஷினுக்கான கட்டளை மொழியான ஜி-கோடைப் படித்து அசைவாக மாற்றும் பகுதியை விளக்கி கிராமர், பிராக்டர், மெசினா மூவரும் 2000 ஆகஸ்டில் முழு அறிக்கை வெளியிட்டார்கள். அமெரிக்கக் கூட்டாட்சி ஊழியர் பணி நிமித்தம் எழுதும் படைப்புக்கு அந்நாட்டில் பொதுவாகப் பதிப்புரிமை கிடையாது. ஆகவே இதைத் தாராள மனசு என்று சொல்ல மாட்டேன். தொழில்துறைக்கு உதவும் கணக்கும் சட்டமும் சேர்ந்து திறந்த கதவு இது.

இன்று மெஷினை ஓடவைப்பது தன்னார்வலர் உழைப்புதானே என்று கேட்கலாம். உண்மைதான். எந்த சிக்னல் எந்தப் பின்னுக்குப் போக வேண்டும் என்பதைச் சாதாரண உரைக்கோப்பிலேயே மாற்றிக்கொள்ள வழிசெய்யும் ஹால் என்ற அடுக்கு ஜான் கசுனிச்சின் கைவண்ணம். நிறுவும்போது மோட்டாரை இணைக்கும் முன்பே, கணினி நேரம் தவறாமல் இயங்குகிறதா என்று அளக்கும் தாமதச் சோதனையை ஓடவிட்டு, கூடவே பல விண்டோக்களைத் திறந்து, வீடியோவையும் ஓட்டி, கணினியைத் திணறடிக்க வேண்டும். திரையில் அதிகபட்சத் தடுமாற்றம் இருபதாயிரம் நானோநொடிக்குள் நின்றால் நிம்மதி. லட்சத்தைத் தாண்டினால், பேரலல் போர்ட் வழியே ஸ்டெப்பர் மோட்டாருக்குப் பல்ஸ் அனுப்ப அந்த மதர்போர்டு உதவாது. இந்த நேரக் கட்டுப்பாட்டுக்காக ஆர்டிலினக்ஸ், ஆர்டிஏஐ எனத் தனிக் கெர்னல்களையே நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். அதே வேலைக்கான பிரீஎம்ப்ட்-ஆர்டி என்ற திருத்தத் தொகுப்பு லினக்ஸின் மைய நிரலில் முழுமையாகச் சேர்ந்தது 2024-ல்தான். இடையில், ஈ.எம்.சி. என்ற பெயருக்கு அதே பெயர்கொண்ட ஈ.எம்.சி. கார்ப்பரேஷன் எழுப்பிய ஆட்சேபத்தால் 2011-ல் பெயரையே மாற்ற நேர்ந்தது. பெயர் போயும் நிரல் நின்றது, அது யாருடைய தனிச்சொத்தாகவும் பிறக்காததால். தன்னார்வலர்கள் மாளிகை கட்டினார்கள்; மனை பொதுப்பணத்தில் வந்தது.

இலவச நிரலை நம்பி எஃகை வெட்டலாமா என்ற அச்சமும் நியாயமானதே. ஆனால் அவசர நிறுத்தப் பொத்தான் மென்பொருளைக் கேட்காமல் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும் என்பது எவ்வளவு விலையுள்ள கன்ட்ரோலருக்கும் பொருந்தும் விதி. நம் அரசு ஆய்வகங்களும் இப்படித் திறக்கலாமே என்றால் வரும் இன்னொரு ஆட்சேபம் கனமானது: வலியமலை போன்ற இடங்களின் நிரலைத் திறந்தால் நாட்டின் ரகசியம் என்னாவது? ராக்கெட் நிரலை யாரும் கேட்கவில்லை. நிஸ்ட் திறந்ததும் ஆயுதத்தை அல்ல. எந்தப் பட்டறைக்கும் பொதுவான ஜி-கோடு வாசிப்பையும் அசைவுத் திட்டமிடலையும்தான்.

கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியச் சகோதர அமைப்பு 2001-ல் திருவனந்தபுரத்தில்தான் தொடங்கப்பட்டது. கேரளப் பள்ளிகளும் லினக்ஸிலேயே கணினி கற்பிக்கின்றன. பயன்படுத்தும் மனம் இங்கே தாராளமாக இருக்கிறது. தடை சட்டத்தில் இருக்கிறது. நம் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி அரசின் படைப்புக்கு, வெளியானதிலிருந்து 60 ஆண்டு உரிமை அரசுக்கே. 2015-ல் மத்திய அரசு வகுத்த மூலநிரல் திறப்புக் கொள்கை அரசுச் செயலிகளை மனத்தில் கொண்டது. மெஷின் கட்டுப்பாட்டை அல்ல. அமெரிக்க அரசு ஊழியரின் நிரல் தானாகவே பதிப்புரிமைக்கு வெளியே நிற்கும். நம் அரசு ஆய்வகத்தின் நிரலுக்கு ஓர் அதிகாரி உரிமம் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.