தியத்தும் தீர்ப்பாயமும்

2023ஆம் ஆண்டில் ஒரு மாலைப்பொழுது. காவாந்தண்டலத்து ஏரிப்பக்கச் சாலையில், மஃரிப் தொழுகைக்கு நேரமாகிவிட்டதே என்று மிதிவண்டியில் விரைந்துகொண்டிருந்தேன். எதிரே வந்த சரக்கு வேன் தன் பக்கம் விட்டு என் பக்கம் ஏறியது. கண் விழித்தபோது வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. ஓட்டுநரிடம் வீசிய மது நெடியை, என்னைத் தூக்கிவிட்ட அனைவரும் உணர்ந்தனர். ஆயினும் அவருடைய இரத்தத்தை அன்றிரவு எவரும் பரிசோதிக்கவில்லை. 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு. விடிவதற்குள் அந்தச் சான்று கரைந்து போயிற்று.

மூன்றாம் நாள் வேன் உரிமையாளர் இரு பெரியவர்களோடு வந்தார். பதினைந்தாயிரம் ரூபாயைத் தலைமாட்டில் வைத்து, "ஹஜ்ரத், நீங்களே மன்னிக்காவிட்டால் வேறு யார் மன்னிப்பார்கள்? வழக்கு வேண்டாம்" என்றார். மன்னிப்பைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவனிடம் இதைவிடக் கடினமான கேள்வியைக் கேட்க முடியாது. கை நீட்டியே இருப்பேன். நல்லவேளை, கை மாவுக்கட்டில் இருந்தது! அவர்கள் சென்றபின் என் துணைவியார் கேட்டார்: "காயத்துக்கு அர்ஷ் என்று கிதாபில் ஓதிக் கொடுக்கிறீர்களே, அது யாருக்கு?"

தவறுதலாக நேர்ந்த கொலைக்கே தியத் கொடுக்கச் சொல்கிறது திருமறையின் நான்காம் அத்தியாயம். உரியவர்கள் விட்டுக்கொடுத்தால் அது தர்மம். ஆனால் விட்டுக்கொடுக்காதவர் பாவியென்று அங்கே சொல்லப்படவில்லை. மறுநாளே பணத்தைத் திருப்பி அனுப்பினேன்.

2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுச் செய்யச் சொல்கிறது. முதல் தகவல் அறிக்கை, விபத்துப் பதிவேட்டு நகல், மருந்துச் சீட்டுகள் ஆகியவற்றைச் சேர்த்து, காஞ்சிபுரத்தில் 166ஆம் பிரிவின்கீழ் மனுக் கொடுத்தோம். மது நிரூபணமாகவில்லையே என்று நான் வருந்தியபோது வழக்கறிஞர் சிரித்தார். இழப்பீட்டுக்கு, ஓட்டுநரின் கவனக்குறைவைக் காட்டினாலே போதுமாம். குடித்திருந்தது உறுதியானாலும், இன்சூரன்ஸ் கம்பெனி அடிபட்டவருக்கு முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றங்கள் உத்தரவிட்டதுண்டு. ஓட்டுநர் உரிமம் பற்றிய தகராறில், 2004இல் ஸ்வரன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழியே அது.

என்னைத் திணற வைத்தது ஊதியச் சான்றுதான். மதரஸாவில் ஊதியம் கையில் தருவார்கள், ரசீது ஏது? முத்தவல்லி ஐயா பழைய வரவு செலவுப் பேரேட்டைத் தேடியெடுத்துத் தந்தார். ஓதிக் கொடுக்கும் சகோதரர்கள் மாதந்தோறும் பேரேட்டில் கையொப்பமிட்டு, ஊதியத்தை வங்கி வழியாகவே பெற்றுக்கொள்ளுங்கள் என்பேன்.

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர், "ஆசிரியருக்கு வாய் போதுமே, கை எதற்கு?" என்றார். எனக்குச் சினம் வந்தது உண்மை. ஒரே ஊனம் ஒவ்வொரு தொழிலையும் ஒவ்வொரு விதமாகப் பாதிக்கும், அதைப் பார்த்தே வருமான இழப்பைக் கணிக்க வேண்டும் என்று ராஜ்குமார் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதை என் வழக்கறிஞர் எடுத்துக் காட்டினார். நான் ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி, நீதிபதியின் முன்னிலையில் அலிஃப் எழுதினேன், நேராக நின்றது. அடுத்து ஐன் எழுதினேன். அதன் வளைவில் கை நடுங்கி, எழுத்து அறுந்தது. நீதிபதி அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார்.

அடுத்த வாய்தா ஷஅபான் மாதத்தில் வருகிறது.