லாப்ரி வந்த பிறகு

ட்ரீம் தியேட்டர்னாலே எங்க ஹாஸ்டல்ல கிட்டார், டிரம்ஸ் பத்திதான் பேச்சு. "பாடுற இடம் வந்தா ஸ்கிப் பண்ணுடா"ன்னே சொல்லுவாங்க. என்னால முடியாது. 1989-ல் வந்த முதல் ஆல்பத்திலும் இதே பெட்ரூச்சி, இதே போர்ட்னாய்தான். வித்தைக்குக் குறைவில்லை, ஆனா ஆல்பம் போணியாகலை. அப்புறம் பாடகர் டொமினிசி போனார். ரொம்ப நாள் பாடகரே இல்லாம பாட்டு எழுதிட்டு இருந்தாங்க. கனடாவிலிருந்து ஜேம்ஸ் லாப்ரி வந்தார். 1992-ல் 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்'. எட்டு நிமிஷப் பாட்டான 'புல் மீ அண்டர்' எம்டிவி வரைக்கும் போச்சு!

'சரவுண்டட்' கேளுங்க. கீபோர்டும் அவர் குரலும் மட்டும், ரகசியம் சொல்ற மாதிரி. கிட்டார் அப்புறம்தான் வரும். 1994 கடைசியில் கியூபாவில், சாப்பாடு ஒத்துக்காம வாந்தி எடுத்ததில் அவர் குரல்நாண் கிழிஞ்சது. பல வருஷம் தடுமாறினார். அதுக்கு முன்னாடி இருந்த குரல் இந்த ஆல்பத்தில் இருக்கு. அதைப் போய் ஸ்கிப் பண்றதா?