"சொல்லி அனுப்புகிறோம்" என்றால் என்ன பொருள்?

"போம்மா, சொல்லி அனுப்புறோம்." இந்த வாக்கியம் எங்கள் தெருக்களுக்குப் புதிதல்ல. அறுவடை முடிந்து கூலி நெல்லுக்காகப் பண்ணை வீட்டு வாசலில் நின்ற எங்கள் பாட்டிகளிடமும் இதைத்தான் சொன்னார்கள். மறுபடி போய்க் கேட்டால் "இவளுக்கு வாய் நீளம்" என்பார்கள். அதனால் கேட்காமல் இருப்பதே மரியாதை என்று எங்கள் வீடுகளில் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள்.

இன்று அதே வாக்கியத்தை நர்சிங் முடித்த எங்கள் தங்கைகள் நேர்காணல் அறையில் கேட்டுவிட்டு வருகிறார்கள். இண்டூரைச் சுற்றியுள்ள காலனிகளில் ஜி.என்.எம்., பி.எஸ்சி. நர்சிங் முடித்த பெண்கள் இப்போது வீட்டுக்கு வீடு இல்லாவிட்டாலும் தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன அப்பாவின் கூலி, அம்மாவின் நூறு நாள் வேலைப் பணம், தாமதமாக வந்து சேரும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, இவற்றை ஒட்டுப்போட்டுத்தான் படிப்பை முடிக்கிறார்கள். அடுத்தவர் ரத்தத்தையும் மலத்தையும் தொட வேண்டிய வேலை என்று முகம் சுளிக்கப்பட்ட தொழில் இது. சம்பளமும் வெளிநாட்டு வாய்ப்பும் வந்த பிறகு எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று.

எங்கள் மாலைப் படிப்பகத்துக்கு வரும் ஒரு தங்கை, தனியார் மருத்துவமனை ஒன்றின் நேர்காணலுக்குப் போய் வந்தாள். ஊசி போடுவது பற்றி இரண்டு கேள்வி, வென்டிலேட்டர் பற்றி ஒரு கேள்வி. பிறகு "எந்த ஊரும்மா?" "இண்டூர் பக்கம் சார்." "பக்கம்னா? ஊருக்குள்ளயா, காலனியா?" அதற்குப் பிறகு வேறு கேள்வியே இல்லையாம். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். ஆறு வாரமாகியும் யாரும் சொல்லி அனுப்பவில்லை.

இதை ஒரு பெண்ணின் மனக்குறை என்று ஒதுக்க முடியாது. பொருளாதார அறிஞர் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007-இல் வெளியிட்ட ஆய்வைத் தோழர்கள் தேடிப் படிக்க வேண்டும். ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை, பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்போடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. அதே ஆண்டு சுரிந்தர் ஜோத்காவும் கேத்ரின் நியூமனும் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரிகளிடமே பேசினார்கள். "தகுதிதான் எல்லாம்" என்று சொன்ன அதே வாய், "குடும்பப் பின்னணியும் பார்ப்போம்" என்றும் சொன்னது. டெல்லியில் "குடும்பப் பின்னணி". எங்கள் பக்கத்தில் "ஊரா, காலனியா?"

நேர்காணலுக்குப் பிறகு கேட்பது நாகரிகமில்லை என்று நினைக்கும் தங்கைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மற்றவர்களும் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். மாமா ஒருவர் கல்யாண வீட்டில் டாக்டரைப் பார்க்கிறார். சித்தப்பா ஒரு போன் போடுகிறார். "நம்ம புள்ளதான், பாத்துக்கோங்க" என்று ஒரு வார்த்தை போகிறது. நமக்கு அப்படி ஒரு மாமா அந்தக் கட்டடத்தில் வேலை செய்தால், பெரும்பாலும் துடைப்பத்தோடு நிற்கிறார். அவர் சொன்னால் யார் கேட்பார்கள்? ஆகவே நமக்குக் காகிதம்தான் மாமா.

அந்தத் தங்கையோடு உட்கார்ந்து நாலு வரிக் கடிதம் எழுதினோம். இன்ன தேதியில், இன்ன பணிக்கு நேர்காணலுக்கு வந்தேன், முடிவைத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன், என் கவுன்சில் பதிவு எண் இது. கெஞ்சல் இல்லை, கோபமும் இல்லை. மின்னஞ்சலில் ஒன்று, பதிவுத் தபாலில் ஒன்று. அவள் அம்மா "திரும்பத் திரும்பக் கேட்டா கோவிச்சுக்குவாங்கப்பா" என்று பயந்தார். வேலையே தராதவர்கள் கோபித்துக்கொண்டு எதைப் பிடுங்குவார்கள் என்று கேட்டோம். சிரித்துவிட்டார்.

தனியாரிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டம் செல்லாது. பதில் சொல்லாமல் இருக்க அவர்களால் முடியும். ஆனாலும் எழுத வேண்டும். 2015-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், எல்லோருக்கும் திறந்திருக்கும் வேலையைச் செய்யவிடாமல் நம்மைத் தடுப்பதையும் குற்றமாக்கியிருக்கிறது. நிரூபிப்பது கடினம், அதை மறைக்க வேண்டியதில்லை. தேதியும் ரசீதும் இல்லாவிட்டால் பேச்சையே தொடங்க முடியாது. இன்னொன்று: "வெரிஃபிகேஷனுக்கு" என்று ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. கையெழுத்திட்ட ஒப்புகை இல்லாமல் கொடுக்காதீர்கள். 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகள் எரிக்கப்பட்டபோது பிள்ளைகளின் சான்றிதழ்களும் எரிந்தன. காகிதத்தின் விலை தருமபுரிக்காரர்களுக்குத் தெரியும்.

அரசு வேலை என்றால் கதை வேறு. அரசியலமைப்பின் 16(2) பிரிவு, அரசுப் பணியில் சாதியால் மட்டுமல்ல, பிறந்த இடம், வசிக்கும் இடம் இவற்றாலும் பாகுபாடு கூடாது என்கிறது. "ஊரா, காலனியா" என்று கேட்கவே முடியாதபடி எழுதி வைத்திருக்கிறார்கள். முடிவு வரவில்லையா, 2005-ஆம் ஆண்டுத் தகவல் சட்டப்படி பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி மனுப்போடலாம். ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்கக்கூடாது. 30 நாளில் பதில் தர வேண்டும். நேர்காணல் மதிப்பெண்ணைக் கேட்கலாம். கேரள தேர்வாணைய வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தரச் சொல்லியிருக்கிறது. மதிப்பெண் போட்டவரின் பெயரை மட்டும் தர மாட்டார்கள்.

மதிப்பெண்ணோடு இனச்சுழற்சியையும் கேளுங்கள். எத்தனை இடம், அதில் 18 விழுக்காடு எங்கே, அருந்ததியர் உள் ஒதுக்கீடு 3 விழுக்காடு எங்கே? இது வெறும் கணக்கல்ல. கொரோனா காலத்தில் அவசரமாக எடுக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்த செவிலியர்களுக்கு 2022 டிசம்பர் 31-உடன் வேலை இல்லை என்றார்கள். இனச்சுழற்சி பின்பற்றப்படவில்லை என்பது அரசு சொன்ன காரணங்களில் ஒன்று. பின்பற்றாதது யார்? கவச உடைக்குள் வியர்த்துக் கிடந்த பெண்களா? தவறு அலுவலகத்துடையது, தண்டனை செவிலியருக்கு, பழி இடஒதுக்கீட்டின் மேல். அதற்கு முன் 2015-இல் தேர்வு எழுதி, மாதம் 7,700 ரூபாய்க்கு ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்கள், பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தார்கள். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்று தங்களுக்குச் சொல்லப்பட்டதைத்தான் அவர்கள் திரும்பக் கேட்டார்கள்.

எங்கள் தங்கைக்குத் தனியாரிடமிருந்து இதுவரை பதில் இல்லை. இடையில் ஓர் அரசு ஒப்பந்தப் பணிக்கும் நேர்காணல் போயிருந்தாள். அங்கேயும் மௌனம். பத்து ரூபாய் மனு போட்டோம். 27-ஆம் நாள் பதில் வந்தது. அவளுடைய மதிப்பெண் இருந்தது. காத்திருப்போர் பட்டியலில் அவள் பெயர் இரண்டாவதாக இருந்தது. அப்படி ஒரு பட்டியல் இருப்பதையே அதுவரை அவளிடம் யாரும் சொல்லவில்லை. இனச்சுழற்சிக் கேள்விக்கு மட்டும் "தகவல் இல்லை" என்று ஒரு வரி.

அந்த ஒரு வரிக்கு எதிராக முதல் மேல்முறையீடு எழுதி, போன திங்கட்கிழமை இண்டூரில் பதிவுத் தபாலில் போட்டோம். அவள் இப்போது தருமபுரியில் ஒரு சிறிய கிளினிக்கில் இரவுப் பணி பார்க்கிறாள். காலை பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வந்து, ரசீதை ஃபைலில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அவள் பேச்சைக் கேட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் நாலு பேர் வருகிறார்கள். ஸ்டாம்பு வாங்கி வைத்திருக்கிறோம்.