கார் இல்லாதவர்களின் குடும்பக் கார்

மாட்டுங்காவின் ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் இன்று போனால், மர நிழலில் தெருவின் இரு பக்கமும் கார்கள்தான். 1896 பிளேக்குக்குப் பிறகு அமைந்த பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் இந்த வட்டாரத்தைத் திட்டமிட்டபோது, கார் பெரிய மனிதர்களின் சமாச்சாரம். 1920, 30-களில் இங்கே மாடிக் குடியிருப்புகள் எழும்ப, தமிழ் குமாஸ்தாக்கள் ரயிலிலும் டிராமிலும் ஆபீஸ் போனார்கள்.

அதே காலத்தில் இங்கிலாந்தில் கார் நடுத்தரக் குடும்பத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. ஹெர்பர்ட் ஆஸ்டின், ஸ்டான்லி எட்ஜ் என்ற 18 வயது இளைஞரைத் தன் வீட்டு பில்லியர்ட்ஸ் அறையில் உட்காரவைத்து ஒரு சின்ன காரை வரைய வைத்தார். 1922-ல் வெளியான அதன் பெயர் ஆஸ்டின் செவன். செல்லப் பெயர், பேபி ஆஸ்டின். அகலம் நான்கு அடிகூட இல்லை; ஆரம்ப காலத்தில் விலை 165 பவுண்டு. சைடுகார் பூட்டிய மோட்டார் சைக்கிளில் மனைவி, குழந்தைகளை ஏற்றிச் சென்றவர்தான் இலக்கு. 1939 வரை சுமார் 2,90,000 கார்கள் தயாராகின. பி.எம்.டபிள்யூ.வின் முதல் காரே இதை லைசென்ஸ் வாங்கிச் செய்ததுதான்.

சுதந்திர இந்தியாவில் கல்கத்தாவின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மாரிஸையும், சென்னையின் ஸ்டாண்டர்டு கம்பெனி அதே பெயர் கொண்ட இன்னொரு பிரிட்டிஷ் காரையும் பிடித்துக்கொண்டன. மும்பை மட்டும் இத்தாலிப் பக்கம் சாய்ந்தது. மாட்டுங்காவிலிருந்து சயான் தாண்டினால் குர்லா; அதற்குக் கிழக்கே செம்பூர். வால்சந்த் ஹீராசந்த் 1944-ல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் இந்தக் குர்லாவில்தான் ஃபியட் கார்களைச் செய்தது. 1974-ல் அந்த ஃபியட்டுக்குச் சூட்டிய பெயர் பிரீமியர் பத்மினி. அதன் 1,089 சி.சி. இன்ஜினின் மூதாதை, பேபி ஆஸ்டின் ஓடிய காலத்திலேயே, 1937-ல் பிறந்தது.

பத்மினியை வாங்க வசதி உள்ளவர்கள் வரிசையில் காத்திருந்தார்கள். வாங்க முடியாதவர்களுக்கு அது வேறு உருவத்தில் வந்தது: கறுப்பு உடல், மஞ்சள் கூரை.

சயானுக்கு மேற்கே தாராவி. அதன் உள்சந்துகள் பலவற்றில் பேபி ஆஸ்டின்கூட நுழைய முடியாது. பிரசவ வலி கண்டவளைக் கைத்தாங்கலாகப் பெரிய சாலைக்குக் கூட்டி வரவேண்டும். சயான், மாஹிமுக்குத் தெற்கே ஆட்டோவுக்கு அனுமதி இல்லை. பரேலின் கே.இ.எம். ஆஸ்பத்திரிக்குப் போக டாக்ஸிதான் கதி. போகும்போது இரண்டு பேர். திரும்பும்போது மடியில் மூன்றாவது. கல்யாணத்துக்குப் போனாலும், ஊருக்கு ரயில் ஏறப் போனாலும் மூட்டைகள் மேலே கேரியரில், பிள்ளைகள் பின்சீட்டில். சாமானியனுக்குக் குடும்பக் கார் என்று ஆஸ்டின் கண்ட கனவு, மும்பையில் மீட்டர் போட்டுத்தான் பலித்தது.

புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் பத்மினியின் தயாரிப்பு நின்றுபோனது. டாக்ஸிகளுக்கு 20 ஆண்டுதான் ஆயுள் என்பது மும்பை விதி. 2003 அக்டோபர் 29-ல் தார்தேவ் ஆர்.டி.ஓ.வில் பதிவான கடைசி பத்மினி டாக்ஸியின் கெடு 2023 அக்டோபரில் முடிந்தது. குர்லாவில் ஒரு தெருவுக்கு இன்னும் பிரீமியர் ரோடு என்றே பெயர். தாராவி முனையில் கை காட்டினால் இப்போது வந்து நிற்பது வேறு கம்பெனி வண்டி. கூரை மட்டும் அதே மஞ்சள்.