பாட்டி சொன்ன சேதி

சிமெலு என்ற தீவைப் பற்றி உங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள்? நம்முடைய பூகோளப் புத்தகங்களில் அதற்கு இடம் கிடைப்பதில்லை. சுமத்ராவுக்கு மேற்கே, இந்தோனேசியாவைச் சேர்ந்த சிறு தீவு அது. 1907-இல் அங்கே பூமி அதிர்ந்தது, கடல் உள்வாங்கியது, பிறகு மலைபோல் எழுந்து வந்து ஊரை வாரிக்கொண்டு போயிற்று. மிஞ்சியவர்கள் அழுததோடு நின்றுவிடவில்லை. அந்த அலைக்கு அவர்கள் பாஷையில் 'ஸ்மோங்' என்று பெயர். அதைக் கதையாகச் சொன்னார்கள், பாட்டாகக் கட்டினார்கள், பேரன் பேத்திகளைத் தூங்க வைக்கும்போது பாடினார்கள். பூமி பலமாக ஆடிக் கடல் பின்வாங்கினால் மலைக்கு ஓடு என்பதுதான் அதில் இருந்த சேதி.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி பூகம்பம் பிறந்தது இந்தத் தீவுக்குப் பக்கத்தில்தான். ஆட்டம் ஓய்ந்து பத்து நிமிஷம் ஆகுமுன் அலை வந்துவிட்டது. ஆனால் ஜனங்கள் அதற்குள் மலைமேல் இருந்தார்கள். சுமார் 78,000 பேர் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் ஏழே பேர்!

அதே அலை நமது நாகப்பட்டினத்தை வந்தடைய ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் பிடித்தது. சென்னையிலிருந்து ஒரு தந்தி, ஒரு டெலிபோன், ஒரு வானொலி அறிவிப்பு எதற்கும் போதுமான அவகாசம். சொல்வதற்குத்தான் ஆள் இல்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் மாண்டவர்கள் 6,000 பேருக்கு மேல்.

நாகை ஜனங்களைக் குறை சொல்லி என்ன பயன்? 1881-இல் அந்தமான் பக்கம் பூகம்பம் உண்டானபோது நாகைத் துறைமுகத்தில் இருந்த கருவி அலையின் ஏற்றத்தைக் குறித்து வைத்தது. தாலாட்டில் சேர்க்கும்படி அந்தச் சிறிய அலை எதையும் செய்துவிட்டுப் போகவில்லை.

'சுனாமி' என்ற ஜப்பானியச் சொல்லுக்குத் துறைமுக அலை என்று பொருள். ஆழ்கடலில் படகு அதன்மேல் ஏறி இறங்கினாலும் படகோட்டிக்குத் தெரியாது. கரையை நெருங்கினால்தான் அது தன் சுயரூபத்தைக் காட்டும். அன்று கடலுக்குள் இருந்த ஆண்கள் பலர் பிழைத்தார்கள். படகு வரும், மீன் எடுக்கலாம் என்று கரையில் காத்திருந்தவர்கள் பெண்கள். ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை, குழந்தைகளெல்லாம் மணலில். புடைவையும் அவிழ்ந்த கூந்தலும் முள்ளில் சிக்கி மூழ்கியவர்கள் எத்தனை பேரோ! கடலூர் மாவட்டத்தில் இறந்த பெண்கள் ஆண்களைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல்.

பத்திரிகை வேலையாகச் சென்ற டிசம்பர் ஒன்றில் நாகைப் பக்கத்துக் குப்பம் ஒன்றில் ஒரு நாள் தங்கினேன். அன்று காலை ஊரே மௌனமாகக் கடற்கரைக்கு நடந்தது. செம்பிலிருந்த பாலைக் கடலில் ஊற்றிவிட்டுத் திரும்பினார்கள். மீன் விற்கும் ஓர் அம்மாளின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். அந்தக் காலையைப் பற்றி அவள் சொல்ல ஆரம்பித்தது அலையிலிருந்து அல்ல. "உலையிலே அரிசி போட்டிருந்தேம்மா" என்று. நான் பேசிய பெண்களில் பாதிப் பேர் அடுப்பில் என்ன இருந்தது என்றுதான் தொடங்கினார்கள்.

இரண்டு குழந்தைகளை அன்று பறிகொடுத்தவள் அவள். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனும் முன்பே செய்துகொண்டவள். இப்படிப்பட்ட தாய்மார்களுக்கு மறுபடியும் பிள்ளைப்பேறு கிடைக்க மறு ஆபரேஷன் செய்ய அரசாங்கமே அப்போது உதவியது. எல்லோருக்கும் பலிக்கவில்லை. இவளுக்குப் பலித்தது. பிறந்த பெண்ணுக்குப் போன மகளின் பெயரையே வைத்தாள். கூப்பிடும்போதெல்லாம் நெஞ்சு வலிக்காதா என்று எனக்குத் தோன்றியது. கேட்க வாய் வரவில்லை. அவளே சொன்னாள்: "கூப்பிடாம இருந்தாத்தாம்மா வலிக்குது."

ஐதராபாத்தில் 2007 முதல் சுனாமி எச்சரிக்கை நிலையம் வேலை செய்கிறது. அதைப் பற்றி அவளிடம் சொன்னேன். "அவங்க சொல்றதை அவங்க சொல்லட்டும். நானும் என் பங்குக்குச் சொல்லி வச்சிருக்கேன்" என்றாள்.

கல்லூரியில் படிக்கும் மகள் கதவோரம் நின்று சிரித்தாள். "தினம் தலை பின்னும்போது சொல்வாங்க அக்கா. கடல் உள்ளே போனாலும் ஓடு, கறுத்துப் பொங்கினாலும் ஓடு. செருப்பைத் தேடாதே, போனைத் தேடாதே."

"மிச்சத்தையும் சொல்லு" என்றாள் தாய்.

பெண்ணின் சிரிப்பு நின்றது. "என்னையும் தேடாதே" என்றாள், மெதுவாக.