மட்டக்குளியில் ஒரு மினிக் கார்

கொழும்பு மாநகரின் வடகோடியில், களனி கங்கை கடலோடு கலக்குமிடத்தை அடுத்து அமைந்தது மட்டக்குளி. வெள்ளவத்தையில் வாழும் நம்மவர்களுட் பலர், காக்கைத்தீவுக் கடற்கரையில் மாலைக் காற்று வாங்குவதற்கன்றி இப்பக்கம் வருவதில்லை. அக்காற்று மனிதருக்கு இதமானது, இரும்புக்கோ நஞ்சு. சன்னற் கம்பியையும் சைக்கிள் சங்கிலியையும் பார்த்திருக்கவே கறளாக்கிவிடும். இத்தகைய இடத்திலே என் பழைய மாணவனொருவன் தன் காரைப் பந்தயத்துக்கு ஆயத்தஞ் செய்கிறான் என்றறிந்து காணச் சென்றேன்.

கராஜ் என்று சொல்ல அங்கே தகரக் கூரையும் சிமெந்துத் தரையுமே இருந்தன. நடுவில் நின்றது ஒஸ்டின் மினி. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வகுத்து, 1959ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த வகை இது. நீளம் 10 அடி; சக்கரம் 10 அங்குலம். இயந்திரத்தைக் குறுக்காக வைத்து, கியர்ப் பெட்டியை அதன் அடியிலேயே அடக்கியமையால் நால்வர் அமர இடங் கிடைத்தது. முதல் மினியின் இயந்திரம் வெறும் 848 கன சென்ரிமீற்றர். ஆயினும் வலுக்கூட்டிய கூப்பர் எஸ் வகை 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மொன்ரே கார்லோ ஓட்டத்தில் வென்று, பெருங்கார்க்காரரை நாணச் செய்தது.

நம் நாட்டில் பழைய கார்களைப் பேணுவது வெறும் ஆசையன்று. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டுந் திறக்கப்பட்டது. இடைக்காலத்தில் பஞ்சிகாவத்தையில் ஒரு பழைய உதிரிப்பாகம் கிடைத்தவன் புதையல் கண்டவனாக மகிழ்ந்தான்.

“எல்லாரும் எஞ்சினைத்தான் கேக்கிறாங்க, மாஸ்டர். நான் மொதல்ல தரையத் தட்டிப் பார்ப்பேன்” என்றார் முதிய மெக்கானிக். சிறு சுத்தியலாற் தட்டினார். நல்ல தகடு கணீரென்றது. கறள் தின்ற தகடு பொத்தென்று ஒலித்தது. மினியிற் கதவுகளின் கீழ்விளிம்பும், பின்சக்கரங்களைத் தாங்கும் சட்டமும் முதலில் உளுத்துப்போகும். கார் உருண்டால் ஓட்டுபவனைக் காப்பது உள்ளே பொருத்தும் இரும்புக் கூண்டு. அக்கூண்டின் கால்கள் ஊன்றி நிற்பதும், இருக்கைப் பட்டிகள் பிணைக்கப்படுவதும் அத்தரையிலேதான். தரை உளுத்திருப்பின் கூண்டின் கால் அதைப் பொத்துக்கொண்டு போகும். பட்டி ஆணியோடு பிடுங்கி வரும். ஆகவே உளுத்ததை வெட்டியெறிந்து புதுத் தகடு ஒட்டவைத்தார்கள். இளைஞன் சேமித்த பணத்திற் பெரும்பங்கு அதற்கே போயிற்று. “சேர், இது வெளியில தெரியவும் மாட்டாது” என்றான். முகத்தில் மலர்ச்சி இல்லை.

அடுத்தது பிறேக்கு. பழைய உருளைப் பிறேக்கு சூடேறினாற் பிடி தளரும். முன்சக்கரங்களுக்குத் தட்டுப் பிறேக்கு வேண்டும். பிறேக்கு எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சுமாதலால் இவ்வூரில் அதை அடிக்கடி மாற்றவேண்டும்.

அதன் பின்னரே இயந்திரம். சிலிண்டர்த் தலையைச் சிறிது சீவினால் அமுக்கம் கூடி வலு பெருகும். அளவு மிஞ்சினாலோ 92 ஒக்டேன் பெற்றோலில் ‘டக் டக்’ என்று இடிக்கும். இயந்திரத்துக்கும் கியருக்கும் ஒரே எண்ணெய் ஆதலின், பற்சக்கரத் தூள் பேரிங்குகளை அரிக்காதபடி அதனையும் காலந் தாழ்த்தாது மாற்றுவார்கள். சைலன்சரைக் கழற்றிவிட்டு நள்ளிரவிற் காலி வீதியை அலறவைக்கும் வீரர்களுக்கு இந்த வேலைகளில் எதுவுந் தெரியாது என்றே நினைக்கிறேன்.

இவன் ஓட விரும்புவது நுவரெலியாவின் மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டியில். 1934இல் தொடங்கிய அது, கார்கள் தனித்தனியே கடிகாரத்தோடு போட்டியிடுவது. ஆயினும் தாயார் அஞ்சுகிறார். 2024 ஏப்பிரல் 21ஆந் திகதி தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில், பாதை விலகிய கார் பார்வையாளர் கூட்டத்துட் புகுந்து எழுவர் மாண்டதை எந்தத் தாய் மறப்பாள்? தரைத் தகட்டுக்குப் பணம் போதாதிருந்தபோது தம் சீட்டுக் காசைக் கொடுத்தவரும் அவரேயாம்.

நான் புறப்படுகையில் மெக்கானிக் ஒரு றப்பர்க் கையுறையின் விரல் நுனிகளை வெட்டிக்கொண்டிருந்தார். மினியின் டிஸ்ரிபியூட்டர் முன்சல்லடைக்குப் பின்னாலேயே இருப்பதால், மழைநீர் தெறித்தால் வண்டி நின்றுவிடும். அதற்குக் கையுறையை மாட்டி, விரல்களினூடே கம்பிகளை வெளியே எடுப்பார்கள். பிளக்குக் கம்பிகள் நான்கு, கொயில் கம்பி ஒன்று, கணக்குச் சரி. சித்திரையில் நுவரெலியா வானத்தை நம்ப முடியாதல்லவா?