இவருக்குச் சுறா, எங்களுக்கு ஏரி!

“இந்த லீவுக்குச் சுறா பார்க்கப் போலாமா?” என்று இவர் கேட்டபோது, நான் தோசைக்கல்லிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “போன தடவை போனதே போதும்!” என்றேன்.

போன தடவைக் கதையைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். காற்று சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் நீந்துகிறார்களே, அந்த ஸ்கூபா டைவிங்கில் இவருக்குப் பைத்தியம். இரண்டு வருடத்துக்கு முன் குடும்பத்தோடு அந்தமான் போனோம். காலையில் படகேறிப் போவார். மத்தியானம் வந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார். நானும், மாமியாரும், ஐந்து வயது மகளும் அறையில் நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். டிக்கெட் மட்டும் நாலு பேருக்கு! திருநெல்வேலி ஸ்டேஷனில் வந்து இறங்கியதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. “உனக்கு என்ன குறை வச்சேன்?” என்றார் இவர். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இந்தத் தடவை தெரிந்தது. மகளின் பழைய நோட்டில் மிச்சமிருந்த தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு, “போகலாம். ஆனால் கணக்கு என் கையில்” என்றேன். இவர் உடனே சரி என்றார். அந்தக் கணக்கைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

எந்த ஊர்?

மாலத்தீவில், பூமத்திய ரேகையைத் தாண்டிச் சற்றுத் தெற்கே ஃபுவாமுலா என்று ஒரு தீவு. புலிச்சுறா பார்ப்பதற்காக உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் அங்கே வருகிறார்கள். இவர் ஆசைப்பட்டது அதற்கு. நான் சம்மதித்தது வேறொன்றுக்கு. மாலத்தீவின் பல தீவுகளில் மணலும் கடலும்தான். ஃபுவாமுலாவிலோ இரண்டு நன்னீர் ஏரிகள், மாமரங்கள், சேப்பங்கிழங்குத் தோட்டங்கள், ஜனங்கள் வாழும் தெருக்கள் எல்லாம் உண்டு. நீளம் நாலரை கிலோமீட்டர்தான். கடலில் இறங்காதவர்களுக்கும் ஊர் என்று ஒன்று இருக்க வேண்டாமா?

திருவனந்தபுரத்திலிருந்து தலைநகர் மாலேவுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் விமானம். அங்கிருந்து உள்நாட்டு விமானம். நம் நாட்டுக்காரர்கள் முன்கூட்டி விசா எடுக்க வேண்டியதில்லை. போய் இறங்கியதும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். ஆனால் கிளம்புவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் பயண விவரப் படிவத்தை இணையத்தில் நிரப்பிவிட வேண்டும்.

மூன்று கவர்கள்

மாதச் சம்பளத்தைக் கவர் கவராகப் பிரித்து வைப்போமே, அதே மாதிரி மூன்று கவர்கள்.

முதல் கவர் பொதுச் செலவு: டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு, வரி. வரி விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். விளம்பரத்தில் அறை வாடகை 100 டாலர் என்று போட்டிருந்தால், பல இடங்களில் அதன்மேல் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அதற்கும் மேல் டூரிஸம் வரி (2025 ஜூலை முதல் 17 சதவீதம்) சேர்ந்து 128 டாலரைத் தாண்டிவிடும். பசுமை வரி என்று தனியாக ஒன்று. ஊருக்குள் இருக்கும் சின்ன விடுதிகளில் 2025 ஜனவரி முதல் தலைக்கு நாளொன்றுக்கு 6 டாலர். நாலு பேர், ஆறு ராத்திரி என்றால் 144 டாலர்! “வரியெல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?” என்று எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்திக்கொண்டு அப்புறம் பணம் கட்டினேன்.

இரண்டாவது கவர் இவருடையது: டைவிங் கட்டணம், அங்கே வாடகைக்கு எடுக்கும் சாமான்கள், டைவிங் இன்ஷூரன்ஸ். சாதாரணப் பயண இன்ஷூரன்ஸ் பல சமயம் ஸ்கூபாவுக்குச் செல்லாது. சின்ன எழுத்தையும் படித்துப் பாருங்கள்.

மூன்றாவது கவர் எங்களுடையது. இரண்டாவது கவரில் எத்தனை ரூபாயோ, அத்தனையே இதிலும். “மூணு பேருக்கும் சேர்த்துத்தானே கேக்குறேன்” என்றேன். இவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, தான் போட நினைத்திருந்த ஆறு டைவை மூன்றாகக் குறைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்!

நாள் கணக்கு

பணத்தைவிட முக்கியம் இது. டைவ் அடித்த உடம்போடு உடனே விமானம் ஏறக்கூடாது. ஆழத்தில் சுவாசித்த காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்பில் கரைந்திருக்கும். அது மெதுவாக வெளியேற வேண்டும். அதற்குள் உயரத்துக்குப் போனால் குமிழியாகி ஆபத்து. பல டைவ் போட்டவர்கள் குறைந்தது 18 மணி நேரம் பொறுக்க வேண்டும் என்பது விதி. 24 மணி நேரம் என்றால் இன்னும் நல்லது. இவர் முதலில் போட்ட திட்டத்தில் கடைசி டைவும் திரும்பும் விமானமும் ஒரே நாளில் இருந்தன. நோட்டில் எழுதிப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது.

ஆகவே முதல் ராத்திரி மாலே பக்கத்தில். இரண்டாம் நாள் ஃபுவாமுலா. மூன்று, நான்கு, ஐந்தாம் நாள் காலையில் இவருக்கு டைவ். ஆறாம் நாள் முழுக்க எங்களுக்கு. ஏழாம் நாள் மத்தியானம் புறப்பாடு. ஆறாம் நாளுக்கு எதிரே “அப்பா எங்களோட” என்று மகள் கொட்டை எழுத்தில் எழுதினாள்.

பெட்டியில் எது, எது கூடாது?

அது முஸ்லிம் நாடு. மதுவும் பன்றி இறைச்சியும் மட்டுமல்ல, வழிபாட்டு விக்கிரகங்களையும் கொண்டுபோக அனுமதியில்லை. எங்கே போனாலும் கைப்பையில் சின்னப் பிள்ளையாரை வைத்திருக்கும் மாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். “அவரு வீட்டைப் பாத்துக்கட்டும்; நாம ஊரைப் பாத்துட்டு வருவோம்” என்று அவரே தீர்த்துவிட்டார்! உடைக்குக் கஷ்டமே இல்லை, நம்முடைய சல்வாரும் சேலையும் போதும். வெள்ளிக்கிழமை மத்தியானத் தொழுகை நேரத்தில் கடைகள் மூடியிருக்கும். ரம்ஜான் மாதத்தில் பகலில் பல ஓட்டல்கள் மூடியிருக்கும். தேதி பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமியார் சுத்த சைவம். அங்கே காலைப் பலகாரம் ‘மஸ் ஹுனி’. சூரை மீன், தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை எல்லாம் பிசைந்து, ‘ரோஷி’ என்கிற ரொட்டியோடு தருவார்கள். முன்கூட்டியே எழுதியிருந்ததால் மீன் இல்லாமல் தனியாகப் பிசைந்து தந்தார்கள். “நம்ம தேங்காத் துவையலுக்குத் தங்கச்சி மாதிரி இருக்கு” என்று இரண்டு ரொட்டி கூடவே சாப்பிட்டார். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் மூன்றும் கையோடு இருந்தால் மத்தியானச் சோற்றுக்கும் கவலையில்லை.

அந்தக் காலை

சுறா இருக்கும் இடம் துறைமுக வாயிலிலேயே. மீனவர்கள் கழித்துப் போடும் சூரைத் தலைகளுக்காக அங்கே வந்து பழகியவை. ஆழம் சுமார் 30 அடிதான். ஆனால் சுறா ஒவ்வொன்றும் பத்து, பன்னிரண்டு அடி நீளம்! வழிகாட்டியிடம் நானே போய்க் கேட்டேன்: ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? அடிபட்டால் எந்த ஆஸ்பத்திரி? அழுத்த அறைச் சிகிச்சை பக்கத்தில் எங்கே? அவர் சிரிக்காமல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். அதிலேயே எனக்குப் பாதி தைரியம் வந்தது. நிமிர்ந்தே இருக்க வேண்டும், சுறாவை விட்டுக் கண்ணை எடுக்கக்கூடாது, கையை நீட்டக்கூடாது என்று இவருக்குப் பாடம் நடந்தது. துறைமுகப் பக்கம் குழந்தையைத் தண்ணீரில் இறக்கவே கூடாது என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி.

அந்த முக்கால் மணி நேரம் நான் கரையில் எப்படி இருந்தேன் என்று எழுத வரவில்லை. கடிகாரம் நகரவேயில்லை. மாமியாரின் உதடு முணுமுணுத்தபடி இருந்தது. படகு திரும்பி, ஈரத் தலையோடு இவர் கையை ஆட்டியதும்தான் எங்களுக்கு மூச்சு வந்தது.

“ஏழு பாத்தேன்! பெரும்பாலும் பெண் சுறாதானாம். நிறைய கர்ப்பிணியாம்” என்றார் இவர். புலிச்சுறா குட்டி போடும் இனம். வருஷத்துக்கு மேல் வயிற்றில் சுமந்து, ஒரே பிரசவத்தில் பத்து முதல் எண்பது குட்டிகள் வரை போடுமாம். 2010ல் மாலத்தீவில் சுறா பிடிக்கத் தடை போட்டார்கள்.

“வாயும் வயிறுமா இருக்கிறதுகளையா போய்ப் பாத்துட்டு வந்தே? தொந்தரவு பண்ணாம வரணும்யா” என்றார் மாமியார். அதுவரை பயந்து கிடந்த எனக்கே அந்த ஜீவன்கள்மேல் ஒரு பரிவு வந்துவிட்டது.

எங்கள் பங்கு

இவர் கடலில் இருந்த நேரத்தில் மூன்றாவது கவர் எங்களை ஊர் சுற்ற வைத்தது. ஒரு வண்டியை வாடகைக்குப் பேசிக்கொண்டோம். வடக்கே தூண்டு கடற்கரையில் மணலுக்குப் பதில் வழவழவென்ற வெள்ளைக் கூழாங்கற்கள். அலை பலமென்பதால் இறங்கவில்லை, பார்த்ததோடு சரி. பவளக்கல்லில் கட்டிய பழைய மசூதி. ஹவித்தா என்கிற, பௌத்த காலத்து ஸ்தூபியின் மேடு. 1344ல் யாத்ரீகர் இபின் பதூதா இந்தத் தீவில் 70 நாள் தங்கியிருந்து, இலங்கை போய், பிறகு நம் மதுரைக்கும் வந்திருக்கிறார்! சேப்பங்கிழங்குத் தோட்டத்தில் ஓர் அம்மாளோடு மாமியார், பாஷை தெரியாமலேயே அரை மணி நேரம் சமையல் பேசினார்.

ஐந்தாம் நாள் கடல் கொந்தளிப்பு. டைவ் ரத்து. சாயங்காலம் இவர் தயங்கித் தயங்கி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “நாளைக்குக் காலையில ஏழு மணிக்குப் போட்டுத் தரேங்கிறாங்க. எட்டு மணிக்குள்ள வந்துருவேன். நாளைக்கு உங்க நாள்னு தெரியும். நீ வேண்டாம்னா வேண்டாம்.”

நான் விரல் விட்டு எண்ணினேன். காலை எட்டிலிருந்து மறுநாள் மத்தியானம் விமானம் ஏறும்வரை 28 மணி நேரம். விதிக்குக் குறையில்லை. ஆனால் என் மனசைத் தொட்டது அந்தக் கணக்கு இல்லை. அந்தமானில் இவர் ஒரு தடவைகூட இப்படிக் கேட்டதில்லையே! ஸ்டேஷனில் எனக்குச் சொல்லத் தெரியாத பதில் இதுதான். “அவகிட்டயும் கேளுங்க” என்றேன். மகள் யோசித்துவிட்டு, “ஒம்பது மணிக்கு ஏரி. லேட்டானா ஆச்சியோட நான் போயிருவேன்” என்றாள்.

எட்டரைக்கே வந்து நின்றார். பந்தாரா ஏரிக் கரையில் நாலு பேரும் உட்கார்ந்து எலுமிச்சம் சாதம் சாப்பிட்டோம். நோட்டில் ‘அப்பா எங்களோட’வுக்குப் பக்கத்தில் மகள் ஒரு டிக் போட்டாள்.

மூன்றாவது கவரில் கொஞ்சம் மிச்சமிருந்தது. திருப்பிக் கொடுக்கவில்லை. அது இப்போது என் தையல் மெஷினுக்கு மோட்டாராகி ஓடிக்கொண்டிருக்கிறது!

உங்கள் வீட்டிலும் மலையோ, மீன்பிடியோ, மேட்ச்சோ ஏதாவது ஒரு பைத்தியம் பிடித்தவர் இருப்பார். போக வேண்டாம் என்று தடுக்காதீர்கள். நோட்டை எடுங்கள், இரண்டு கவரையும் சமமாக வையுங்கள், ஒரு நாளுக்கு உங்கள் பேரை எழுதிவிட்டு அப்புறம் டிக்கெட் போடுங்கள்.